கடல் படிப்பைப் பற்றிக் கேட்க மலைக்குப் போனேன்

கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க எந்தச் சான்றிதழை வாங்குவது என்று விசாரிக்க மலைக்குப் போன ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிளம்பும்போது எங்கள் உப்பு ஆபீசில் எல்லோரும் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். திரும்பி வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இப்போது யாராவது இலங்கைப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டால், "ஒரே மழை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். எழுதிப் பார்த்தாலாவது நெஞ்சுப் பாரம் குறையுமா என்று உட்கார்ந்திருக்கிறேன். குறையும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தூத்துக்குடியில் முக்குளிப்பது தொழில். சங்கு குளிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், எடுப்பார்கள், ஏறுவார்கள். அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒருமுறை வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலில் வந்தவர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். நான் கெஞ்சிக் கூத்தாடியதில் என்னையும் ஆழமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டார்கள். தண்ணீருக்குள் மூச்சு விட்டுக்கொண்டே ஒரு மீனை நேருக்கு நேர் பார்த்தேன். அது என்னைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குப் பிடித்தது விடவே இல்லை.

நம் ஊரில் அந்தச் சாமான் கிடைக்காது; சொல்லித் தரவும் ஆள் கிடையாது. கொழும்பில் கிடைக்கும். என் மனைவி பிறந்தது இலங்கை மலைநாட்டில். அவள் தம்பி சூசை நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். அவனுக்கும் இதே பைத்தியம். மின்சார நிலையத்து அணைக்கட்டில் நீந்திப் பழகியவன். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன, தண்ணீருக்குள் பார்க்க உதவும் பழைய முகக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன். வருடத்துக்கு ஒருமுறை மனைவி வீட்டைப் பார்க்கிற சாக்கில் போய், இருவரும் சேர்ந்து இரண்டு நாள் கடலில் முங்கிவிட்டு வருவது என்பது எங்கள் திட்டம். அதற்கு ஒரு சான்றிதழ் இருந்தால்தான் சிலிண்டரில் காற்று நிரப்பிக் கொடுப்பார்களாம்.

அங்கே இரண்டு வகை இருந்தது. ஒன்று, கொழும்புச் சங்கத்தின் பெரிய படிப்பு. வாரக்கணக்கில் நீச்சல் குளத்தில் பழக்கி, கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டி, பரீட்சை வைத்துத்தான் கடலில் விடுவார்கள். வெளிநாடுகளிலும் செல்லும். இன்னொன்று, தென் கரையில் ஒரு ஐரோப்பியர் விருந்தினர் விடுதி வாசலில் நடத்திய சின்னப் படிப்பு. சில நாட்களில் முடிந்துவிடும். நேரே கடல்தான். முடிவில் போட்டோ ஒட்டிய அட்டை. என்னைப்போல ஆசைக்கு முங்குகிறவனுக்கு எது சரி என்று தெரியவில்லை. சீலைக்கடையில் கரை பார்க்கிற பெண்களைக் கேலி செய்கிறவன் நான். இந்த விஷயத்தில் அவர்களைவிட மோசமாக இருந்தேன்.

போகும் வழியில் கொழும்பில் பெரிய படிப்பின் வாத்தியாரைப் பார்த்தேன். பறங்கியர், அதாவது ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இடம் வைத்திருப்பதாகவும் புதன்கிழமைக்குள் முடிவு சொல்லும்படியும் சொன்னார். என் மச்சான் சூசையும் முங்குகிறவன், அவனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவன் அப்போது தென் கரையில் சின்னப் படிப்பை முடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறிய பஸ் கினிகத்தேனையில் படுத்துவிட்டது. தண்ணீர் கொதித்து முன்பக்கமெல்லாம் ஆவி. மழை வேறு. எங்கள் ஊரில் வருடம் முழுவதும் பெய்வது இங்கே ஒரு மத்தியானத்தில் பெய்கிறது. கடையில் பால் விடாத தேநீரும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுத்தார்கள். சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். எனக்கு அந்த வித்தை வராமல் சீனி முழுவதையும் முதலிலேயே தின்றுவிட்டு, வெறும் கசப்பைக் குடித்தேன். பக்கத்தில் இரண்டு சிங்களப் பெண்கள் பேசிக்கொண்டதைக் கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். இந்த பஸ்ஸை நம்பித்தான் மகளை மேலே கட்டிக்கொடுத்தேன், இப்போது வருஷப்பிறப்புக்கும் வருவதில்லை, புத்தர் பண்டிகையான வெசாக்குக்கும் வருவதில்லை என்று ஒருத்தி சொன்னாளாம். நான் நன்றாகச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனம் விட்டுச் சிரித்தது அந்த ஊரோடு சரி.

சூசையின் வீடு, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் கோடியில் இருந்த ஒரு காம்பரா, ஒற்றை அறை. அவன் மனைவி பிலோமி என்னைக் கண்டதும் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தாள். ரொட்டியும் சம்பலும் கருவாடும். தூத்துக்குடிக்காரனுக்குக் கருவாடு போடுகிறோமே என்று அவளுக்கு வெட்கம். எங்கள் வீட்டுக் கருவாட்டைவிட அது நன்றாக இருந்தது என்பதை நான் ஊரில் சொல்ல முடியாது. குளிருக்கு எதைத் தின்றாலும் ருசிக்கிறது.

இரவு வெகுநேரம் கழித்துச் சூசை லாரியில் வந்து இறங்கினான். நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. சட்டைப் பையிலிருந்து முதலில் எடுத்தது அட்டையை. அன்று காலை மட்டும் மூன்று தடவை இறங்கினார்களாம். அடியில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. அதன் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தானாம். மத்தியானம் அட்டையைக் கொடுத்து, கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். ரயிலையும் பஸ்ஸையும் லாரியையும் பிடித்து ஓடி வந்திருக்கிறான். மறுநாள் காலை வேலைக்கு நிற்காவிட்டால் பேர் வெட்டிக் கூலியைப் பிடித்துவிடுவார்கள்.

எதை எடுப்பது என்று என் கேள்வியைக் கேட்டேன். அவன் தோளைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"பெரிய படிப்பு நல்ல படிப்புதான் மச்சான். வேணாம்னா நான் விட்டேன்? பிரஜாவுரிமைப் பேப்பரு கேட்டாங்க. மனு போட்டு எத்தன வருசமாச்சு, நம்ம ஆளுங்களுக்கு எங்க குடுத்தாங்க. இங்கதான் பொறந்தேன்னு சொன்னேன், சிரிச்சாங்க. சின்னப் படிப்புல போட்டோ மட்டுந்தான் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

பிறகு, உங்களுக்கும் இதுவே போதும் என்றான். வருடத்துக்கு இரண்டு நாள் முங்கப் போகிறவருக்குக் கரும்பலகைக் கணக்கு எதற்கு என்று கேட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவனுக்குக் கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போதே தோளில் வலியும் தோலில் நமைச்சலும் ஆரம்பித்துவிட்டதாம். சிலிண்டர் தூக்கிய வலி என்றான். பிலோமி எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். நாங்கள் அந்தக் கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை விடியும் முன்பே வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்டது. சூசை எழுந்தான். இரண்டு அடி வைத்தவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். கால் மரத்துப்போய்விட்டது என்று சிரித்தான். மறுபடியும் எழுந்தான். இந்தத் தடவை விழுந்தான். இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் வலிக்கிறது என்றான். சிறுநீர் போகவும் முடியவில்லை.

தோட்டத்து மருந்துக்காரரை எல்லோரும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நல்ல மனிதர். கடலில் ஊறிவிட்டு மலைக்காற்றில் லாரியில் நின்றுகொண்டு வந்தால் வாதம் இழுக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். மாத்திரை கொடுத்தார். தைலம் கொடுத்தார். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, இது என் கைக்கு அடங்காது, மேலே கொண்டு போய்விடுங்கள் என்றார்.

மலைநாட்டில் அப்படித்தான். எங்களுக்கு உடம்புக்கு வந்தால் மதுரைக்குப் போகிறோம், இல்லாவிட்டால் மதராசுக்கு. அங்கே வியாதி முற்ற முற்ற மேலே போவார்கள். தோட்டத்தில் முடியாதது ஹட்டன் பக்கம் போகும். அங்கேயும் முடியாதது நுவரெலியா போகும். கீழே என்றால் அவர்களுக்குக் கொசுவும் விஷக்காய்ச்சலும்தான். கீழ்நாட்டில் வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்தவர்களின் கதை எல்லா லயத்திலும் இருக்கிறது. மேலே நல்ல காற்று, நல்ல தண்ணீர், பெரிய டாக்டர். இதைச் சந்தேகிக்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. எனக்கும் இல்லை.

தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரியில் படுக்கை போட்டு அவனைத் தூக்கி வைத்தோம். லயமே வந்து கை கொடுத்தது. தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்கிறவர் தன் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினார். தோட்டத்தை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட லாரி கொடுப்பதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அத்தனை பேரும் அன்பாகச் சேர்ந்து அவனை மேலே அனுப்பிவைத்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். இளம்பிள்ளை வாதமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். கடலில் முங்கிய கதையை நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரா என்று மட்டும் கேட்டார். குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை, நுவரெலியாவில் கருவிகள் உண்டு, அங்கே போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நாங்களும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

வாடகைக் கார் ஒன்று கிடைத்தது. ஓட்டியவர் பியசேனா என்ற சிங்களவர். உடைந்த தமிழில் பிலோமிக்கு வழியெல்லாம் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். லிந்துலையில் டயர் காற்றுப் போனது. மாற்றுச் சக்கரமும் தேய்ந்துதான் இருந்தது. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நான் கடைக்குப் போய்த் தேநீரும் மீன் அடைத்த பனிஸ் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தேன். சுற்றிலும் தலை வாரிவிட்டதுபோலத் தேயிலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. நம் ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் சினிமாக்காரர்கள் விடுவார்களா என்று நினைத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு நினைப்பு ஓடியது மனதில்.

சூசை பின் சீட்டில் சாய்ந்தபடி கோப்பையை வாங்கினான். அது சரிந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த தேநீர் அப்படியே அவன் தொடைமேல் கொட்டிவிட்டது. பிலோமி பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். அவன் அசையவே இல்லை. ஆவி பறக்கிற தன் தொடையை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சுடலியே மச்சான்," என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

பியசேனா சக்கரத்தின் கடைசித் திருகை முடுக்கிவிட்டு எழுந்து நின்றார். இனி எங்கும் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தேய்ந்த சக்கரத்தோடு நானுஓயா ஏற்றத்தை எவ்வளவு வேகமாக ஏற முடியுமோ அவ்வளவு வேகமாக ஏறினார். மேலே போகப் போகச் சூசை மூச்சு வாங்கினான். சீக்கிரம், சீக்கிரம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நுவரெலியாவைப் பற்றிப் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் ரோஜாத் தோட்டத்தையும் குதிரைப் பந்தய மைதானத்தையும் பற்றி எழுதுவார்கள். எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஈரச் செருப்பும் மருந்து நெடியும்தான். நல்ல ஆஸ்பத்திரி. இளம் சிங்கள டாக்டர் ஒருவர் அன்று மாலை வரை கட்டில் பக்கத்திலேயே நின்றார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி எதுவும் இல்லை என்றார். ஏன் என்று தெரியவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

புதன்கிழமை காலை எனக்குத் திடீரென்று கொழும்பு வாத்தியார் நினைவுக்கு வந்தார். முடிவு சொல்ல வேண்டிய நாள். அந்த நேரத்தில் சான்றிதழ் யாருக்கு வேண்டும்? ஆனால் ஒரு மனிதர் இடம் வைத்துக்கொண்டு காத்திருப்பாரே என்று தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டேன். உப்பு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இந்த ஒழுங்கு மட்டும் குறைவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. என்னால் இப்போது சேர முடியாது, மச்சானுக்கு உடம்பு சரியில்லை, கால் விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் கத்திச் சொன்னேன்.

முங்குவாரே, அந்த மச்சானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடைசியாக எப்போது முங்கினார் என்றார். ஞாயிறு காலை, மூன்று தடவை, அடியில் கிடக்கிற கப்பல் வரைக்கும் என்றேன். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்றார்.

"வீட்டுக்கு வந்தார்."

"வீடு எங்கே?"

"நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே."

"இப்போது நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?"

"நுவரெலியாவிலிருந்து."

அவர் தாழ்ந்த குரலில், "கீழே கொண்டு வாருங்கள். இன்றைக்கே. எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். கீழே," என்றார்.

விளக்கத்தையும் அந்த லைனிலேயே சொன்னார். ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று இரத்தத்தில் கரைந்துவிடுகிறதாம். கரைக்கு வந்த பிறகு அது தானாக மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் மலை ஏறினால் மூடி திறந்த சோடா போத்தல்போல உள்ளே நுரைத்துவிடுமாம். அது முதுகெலும்பில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. உயரம் ஏற ஏற அந்தக் குமிழ்கள் பெருத்துக்கொண்டே போகும். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு, ஹட்டனிலிருந்து இங்கே. படி வைத்து ஏற்றியதுபோல அவனை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

பிலோமியிடம் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு மேல பெரிய ஆஸ்பத்திரி எங்களுக்கு எதுங்கண்ணே? போனுல ஒருத்தர் சொன்னாருன்னு இங்கேருந்து தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களே. கீழ போயிப் பொழச்சு வந்தவங்கள நாங்க பாத்ததில்லங்களே."

இளம் டாக்டர்தான் முடிவு செய்தார். இதை நான் படித்ததில்லை, ஆனால் கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வண்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் ஏற்பாடு செய்தார். அந்தச் சிலிண்டரைப் பார்த்ததும் சூசை ஒரு மாதிரியாகச் சிரித்தான்.

கினிகத்தேனைக்கு மேலே மண் சரிந்து பாதை அடைத்திருந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. மண்வெட்டியோடு ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டிக்காரர் இறங்கிப் போய் அவர்களிடம் என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு பஸ்ஸில் வந்தவர்களும், வெள்ளைவேட்டிக்காரர்களும்கூட இறங்கிக் கையால் மண்ணை அள்ளிப் போட்டார்கள். நானும் அள்ளினேன். வண்டி ஒன்று போகிற அகலத்துக்கு வழி விட மத்தியானம் போய்விட்டது. முதலில் எங்கள் வண்டியைத்தான் விட்டார்கள்.

வளைவுகளில் இறங்கிக் கினிகத்தேனைக்கு வந்தபோது, இடது கால் பெருவிரலில் எறும்பு ஊர்கிறாற்போல இருக்கிறது என்றான் சூசை. பிலோமி அந்த விரலைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, அதே கடையில் எல்லோருக்கும் வடை வாங்கினேன். காலையிலிருந்து நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த வடையைப்போல ருசியான ஒன்றை நான் தின்றதில்லை. இன்னும் இறங்கினால் இன்னும் வரும், கொழும்புக்குப் போவதற்குள் காலை மடக்குவான் என்று நானே சொல்லி, நானே நம்பினேன்.

கொழும்பில் எறும்பும் நின்றுவிட்டது. அதன்பிறகு அந்தக் காலில் எதுவும் ஊரவில்லை.

வாத்தியார் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். கிழக்குக் கரைத் துறைமுகத்தில் முன்பு ஓர் இரும்பு அறை இருந்ததாம். இப்படிப்பட்டவர்களை அதற்குள் வைத்து மறுபடியும் அழுத்தம் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துக் காப்பாற்றுவார்களாம். விசாரித்துப் பார்த்துவிட்டார்; இப்போது அது இல்லை. இந்தியாவில் இருக்கலாம் என்றார். நான் பரபரப்பாக, நானே அழைத்துப் போகிறேன் என்றேன். எந்தப் பாஸ்போர்ட்டில் என்று சூசை கேட்டான். தோட்டத்துத் தமிழர்களை இந்தியாக்காரர்கள் என்றுதான் எல்லாப் பேப்பரிலும் எழுதுகிறார்கள். அந்த இந்தியாவுக்கு அவனால் ஒரு கட்டிலோடு போக முடியவில்லை. இரண்டு அரசாங்கங்களின் ஆபீஸ் வாசலிலும் நின்று பார்த்தேன். எனக்கு மரியாதையாக நாற்காலி போட்டார்கள்.

ஒருநாள் வாத்தியாரைத் தனியே கேட்டேன். உங்கள் பெரிய படிப்பில் இது உண்டா என்றேன். மலையிலிருந்து பழக வருகிற தோட்டத் துரைமார்களுக்காகவே அதைச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். பெரிய கணக்கெல்லாம் இல்லை. முங்கினால் அன்றைக்கு ஊருக்குப் போகாதே, கீழேயே தங்கு. அவ்வளவுதானாம் பாடம்.

இதைச் சூசையிடம் சொல்லக்கூடாது என்றிருந்தேன். அவனே ஒரு மத்தியானம் கேட்டான், சொல்லிவிட்டேன். தலையணை அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்த்தான். எவ்வளவு ஆழம் போகலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. உயரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

"நீங்க பெரிய படிப்பையே எடுங்க மச்சான்," என்றான். "ஒங்க ஊருல ஒரு மேடுகூட இல்ல. ஒங்களுக்கு அந்தப் பாடம் வேண்டியே இருக்காது. இருந்தாலும் எடுங்க."

நான் எதையும் எடுக்கவில்லை. இனி எடுக்கப் போவதும் இல்லை. கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு. ஆபீசுக்குக் கடற்கரை வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

என் விடுமுறை முடிகிற நாளில் வாத்தியார் பெரிய டாக்டரோடு வந்தார். பிலோமிக்கு ஒரே கவலைதான். மேலே போனதால்தான் இப்படி ஆயிற்று என்பதை அவள் இப்போது முழுவதுமாக நம்பியிருந்தாள். கீழே அவர்களுக்கு யாரும் இல்லை, ஒண்டிக்கொள்ள இடமும் இல்லை. இருக்கிற ஒரே காம்பரா அந்த மலையில். அவரை மறுபடியும் மேலே கொண்டு போகலாமா, ஒன்றும் ஆகிவிடாதா என்று கேட்கச் சொல்லி என் கையைப் பிடித்தாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

பெரிய டாக்டர் சூசையின் கால்களைப் போர்வைக்கு மேலாக ஒருதரம் பார்த்தார்.

"தாராளமாகப் போகலாம். இனி எவ்வளவு உயரம் போனாலும் ஒன்றுதான். கெடுவதற்கு இனி எதுவும் மீதி இல்லை," என்றார்.

போகலாம் என்கிறார் என்று பிலோமியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் குணமாகிக்கொண்டு வருகிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டுக்கொண்டே, தொழிற்சாலைக்காரர் கொடுத்த கம்பளியை உதறி மடிக்க ஆரம்பித்தாள். தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்குத் துரைமார் ஆங்கிலம் கொஞ்சம் புரியும். சூசை என்னைப் பார்த்தான். குனியும்படி கண்ணைக் காட்டினான். குனிந்தேன்.

"அவகிட்ட மிச்சத்த சொல்லாதீங்க மச்சான்," என்றான். "வீடு போய்ச் சேரட்டும்."